சிடியில் விழுந்த மூன்றாவது பெயர்

கருவநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பாத்திரக் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த துரை வீடியோஸில், சிடியின் மேல் பெயர் எழுதும் மெஷின் யாரும் அடித்துக் கொடுக்காத பெயரையும் சேர்த்து எழுதத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்து வியாழக்கிழமை. அன்று ஊரில் வேறு விசேஷம் எதுவும் இல்லை, தெருக்குழாயில் தண்ணீர் வந்தது, நின்றது, ஒன்பதரை பஸ் பத்தே காலுக்கு வந்தது, அவ்வளவுதான்.

மெஷினைக் கட்டியவள் கடைக்காரி சண்முகக்கனியின் ஒரே மகள் உலகம்மாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுக் கை சும்மா இருக்கமாட்டாமல், உடைந்த சிடி ரைட்டர்கள் இரண்டைப் பிரித்து, உள்ளே முன்னும் பின்னும் ஓடுகிற சின்ன வண்டிகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே பூட்டி, தபாலில் வரவழைத்த ஊதா லேசர் ஒன்றை அதன் தலையில் மாட்டி, கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருந்தாள். அதுவரை கல்யாண சிடிகளில் மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள், வியர்வைக் கை பட்டால் மாப்பிள்ளை பெயர் அழிந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள், அது பிளேயருக்குள் உரிந்து சிக்கிக்கொள்ளும். லேசருக்கு அந்தத் தொல்லை இல்லை. கறுப்பு மேல்பூச்சு உள்ள சிடியை வைத்தால், ஊதாப் புள்ளி எறும்பு மாதிரி ஊர்ந்து, பூச்சை மட்டும் லேசாகப் பொசுக்கி, வெளிறிய எழுத்தில் மணமக்கள் பெயரையும் தேதியையும் கால் மணி நேரத்தில் எழுதி முடிக்கும்.

"பவரக் கூட்டிராதம்மா" என்று உலகம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தாள். "எல்லாரும் பளபளன்னு இருக்க பக்கந்தான் முக்கியம்னு நெனைக்காவ. படம் பதிஞ்சு கெடக்கது இந்த எழுதுத பக்கத்துத் தோலுக்கு அடியிலதான். இங்க கீறுனா உள்ள உள்ளது போச்சு."

அந்த வியாழக்கிழமை எழுதியது அரிசி ஆலைக்காரர் மகள் கல்யாண சிடி. பெயர்கள் விழுந்தன, தேதி விழுந்தது, பிறகு தன் மூலைக்குத் திரும்ப வேண்டிய புள்ளி திரும்பாமல் அரை விரல் கீழே இறங்கி, நிதானமாக 'மாடக்கண்ணு' என்று எழுதிவிட்டு அதன்பின் திரும்பியது. மகளின் விளையாட்டு என்று சண்முகக்கனி நினைத்தாள்; அம்மா ஏதோ பழைய ஃபைலைச் சேர்த்துத் தொலைத்திருக்கிறாள் என்று மகள் நினைத்தாள்; வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளாமல் அதே கல்யாணத்தின் அடுத்த சிடியை வைத்தார்கள், அதிலும் மாடக்கண்ணு, அதற்கடுத்ததிலும் மாடக்கண்ணு. கம்ப்யூட்டர் முழுக்கத் துழாவியும் அப்படி ஒரு பெயர் எந்த மூலையிலும் இல்லை. சந்தேகம் அந்த வீட்டுக்குள் முதன்முதலாகச் செருப்பைக்கூட வாசலில் விடாமல் நுழைந்தது அன்றைக்குத்தான். வேறு வழியில்லாமல் சிடியை அப்படியே கொடுத்தனுப்பினார்கள்.

மாடக்கண்ணு வேறு யாரும் இல்லை, பெண்ணின் பெரியப்பா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள முடுக்குச் சந்தின் சுவருக்காகத் தம்பியோடு எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வைக்கவில்லை. வராதவன் பெயர் சிடியில் எப்படி வரும்? வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா, சாயங்காலத்துக்குள் தீர்ப்பு ஆகிவிட்டது: மாடக்கண்ணு செய்வினை வைத்திருக்கிறார். கல்யாண வீட்டு வாசற்படியைப் பெயர்த்து, தகடும் எலுமிச்சம்பழமும் கிடைக்கும் என்று இடுப்பளவு தோண்டினார்கள். கிடைத்தது எப்போதோ தொலைந்த ஒரு மெட்டி. தகடு கிடைக்காததே அவர் எவ்வளவு ஆழத்தில் வைத்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி என்று பேசிக்கொண்டார்கள். பெரியவர் பகலிலும் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்.

அடுத்த கல்யாணத்தில் 'தெய்வானை' விழுந்தது. அவள் மாப்பிள்ளையின் அத்தை, புருஷனை இழந்தவள், மாப்பிள்ளையைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள், தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள். அவளுடைய கண்தான் பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, அவளை வேற்றூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு சிடியில் 'சார்லஸ்' என்று விழுந்தது. அதைப் படித்ததும் புதுப்பெண்ணுக்குக் கண் கலங்கியது, அது ஒன்று போதாதா. அவன் அவளோடு பத்தாவது வரை படித்தவன், அவள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், வெளிநாட்டு வேலையில் லீவு கிடைக்காமல் வரமுடியாமல் போனவன் என்று அவள் சொன்னதை யாரும் பாதிக்கு மேல் கேட்கவில்லை. மூன்று மாதம் அம்மா வீட்டில் கிடந்தாள்.

அதற்குப் பிறகு கருவநல்லூர் அந்த மெஷினைப் பழகிக்கொண்டது, எதைத்தான் அது பழகிக்கொள்ளவில்லை. பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதாக ஜோசியர் நிச்சய சிடியையும் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தங்கள் பெயர் எங்கே விழுந்துவிடுமோ என்ற பயத்தில், பகையாளிகளும் பத்திரிகை கிடைக்காதவர்களும் மாத்திரை சாப்பிட்டுப் படுத்துக் கிடந்தவர்களும் எல்லாக் கல்யாணத்துக்கும் வந்து கேமரா முன்னால் தலையை நீட்டினார்கள். பக்கவாதம் வந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்து, "எடுத்தாச்சா? முகம் விழுந்துட்டா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு கட்டிலோடு தூக்கிப்போனார்கள். பந்தியில் எந்தக் கல்யாணத்திலும் சாம்பார் போதவில்லை. அப்படியும் யாராவது ஒருவர் பெயர் விழுந்துகொண்டுதான் இருந்தது.

மெஷினை நிறுத்திவிடலாம் என்றுதான் சண்முகக்கனி நினைத்தாள். ஒரே ஒரு கல்யாணத்துக்குப் பழைய மாதிரி மார்க்கரில் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே பெண்வீட்டார் ஏழு பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். "என்னத்த மறைக்கீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரன் உங்களப் பாத்துட்டுப் போனானா?" என்றார் பெண்ணின் தகப்பனார். ஊர் வாயை எந்த உலைமூடி கொண்டு மூடுவது. மெஷின் ஓடினாலும் குற்றம், ஓடாவிட்டாலும் குற்றம் என்று ஆனபிறகு அவள் அதை ஓடவிட்டாள்.

பிறகுதான் சுரண்டல் ஆரம்பித்தது. அந்தப் பக்கத்தில் கல்யாண சிடி கைக்கு வந்தால் முதல் தடவை சொந்தபந்தம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்ப்பார்கள், யார் யார் எத்தனை தடவை வந்தார்கள் என்று விரல்விட்டு எண்ணுவார்கள், குறைவாக வந்தவர்கள் காபி குடிக்காமல் எழுந்து போவார்கள். அந்தச் சபை கூடுவதற்கு முன்னால் மூன்றாவது பெயரை இல்லாமல் ஆக்கிவிட வேண்டும் என்று பிளேடாலும் அரிவாள்மனை முனையாலும் தேங்காய் நாராலும் சுரண்டினார்கள். பெயர் போனது, பெயருக்கு அடியில் இருந்த கல்யாணமும் போனது. பிளேயரில் போட்டால் கறுப்புத் திரையும் ஒரு கரகரப்பும். பதினாலு வீட்டில் இப்படி ஆனபிறகு சண்முகக்கனி கடை வாசலில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்: 'பெயரைச் சுரண்டாதீர்கள். சுரண்டினால் கல்யாணம் போய்விடும்.' நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஊர் அதைச் சாபம் என்று படித்தது. மறுநாள் 'கல்யாணம்' என்பதை அடித்துவிட்டு 'சிடி' என்று திருத்தினாள், பயந்து மாற்றிவிட்டாள் என்று அதற்கும் ஒரு பேச்சு.

இந்த லட்சணத்தில்தான் உலகம்மாளுக்குப் பக்கத்து ஊரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை சிவஞானம் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன், அமைதியானவன். அவனுடைய அம்மா தாயம்மாள் அப்படியில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருகி உள்ளே பார்க்கிறவள். உலகம்மாளுக்கு அவனைப் பிடித்திருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை, ஊரே சந்தேகப்படுகிற கடை, இந்த வரன் தட்டிப்போனால் இன்னொன்று படியேறாது என்று சண்முகக்கனி பயந்துகொண்டே இருந்தாள்.

தை மாதம் நிச்சயம் வைத்தார்கள். புருஷனை இழந்தவள் நிச்சயத் தட்டைத் தொடக்கூடாது, மேடையில் நிற்கக்கூடாது, பெண்ணுக்குப் பூ வைக்கக்கூடாது என்பது கருவநல்லூரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிகிற விஷயம். கொழுந்தனும் அவர் பெண்சாதியும் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. சமையல்கட்டில் போய் உட்கார்வதற்குப் பதிலாகச் சண்முகக்கனி கேமராவை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். புருஷன் மாரித்துரை செத்த இந்த ஆறு வருஷத்தில், ஊர்க் கல்யாணம் அத்தனையிலும் தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடி கிட்டே நின்றவள் அவள்தான், ஒருத்தர்கூட அபசகுனம் என்று முணுமுணுத்தது கிடையாது. கேமரா பிடிக்கிறவளை ஆள் என்று யார் எண்ணுகிறார்கள்.

ஆனால் அன்றைக்குக் கேமராவின் சின்னத் திரையில் ஒன்றைப் பார்த்தாள். மகள் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை, கூட்டத்தின் தலைக்கு மேலாக யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சேலையை வாங்கும்போதும் அப்படி, பூ வைக்கும்போதும் அப்படி. சண்முகக்கனி கேமராவை இறக்காமலே, யாரைப் பார்க்கிறாள் என்று சட்டென்று பின்னால் திரும்பினாள். அங்கே மைக்செட் நயினார் சுவரில் சாய்ந்து, ஒரு தீக்குச்சியால் காது குடைந்துகொண்டிருந்தான். முப்பது வயது, கல்யாணம் ஆகாதவன், ஸ்பீக்கர் பெட்டி பழுதானால் உலகம்மாளிடம்தான் கொண்டுவருவான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அவளுக்கு அந்தக் கணத்தில் நயினார் பேயாகத் தெரிந்தான்.

தாயம்மாளும் பார்த்திருந்தாள். கிளம்பும்போது சண்முகக்கனியை ஓரமாகக் கூப்பிட்டு, "பொண்ணு கண்ணு ஒரு எடத்துல நிக்கலியே மதினி, யாரையோ தேடுத மாதிரில்லா இருந்துச்சு" என்றாள். "வார வெள்ளிக்கெழம நாங்களே கடைக்கு வாரோம். எங்க கண்ணு முன்னால சிடில பேரு எழுதணும்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சண்முகக்கனி மகளின் கையைப் பிடித்தாள். "யாருளா அவன்?"

"எவன்?"

"நீ பாத்தியே, அவன். நயினாரா? சொல்லிரு. மெஷின் சொல்லுததுக்கு முன்னால நீ சொல்லிரு."

உலகம்மாள் கையை உருவிக்கொண்டாள். "நீயுமாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வரை அவள் பேசவில்லை. சண்முகக்கனி மகள் குளிக்கப் போன நேரத்தில் செல்போனைத் திறந்து பார்த்தாள், கைப்பையைக் கொட்டிப் பார்த்தாள், பாலிடெக்னிக் நோட்டுகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள், நாலு நாளும் இதே வேலை. ஸ்க்ரூடிரைவரும் சாக்லேட் தாளும்தான் கிடைத்தன. கிடைக்காததே எவ்வளவு ஆழத்தில் வைத்திருக்கிறாள் என்பதற்குச் சாட்சி என்று அவளுக்கும் தோன்றியது. ஊரைத் திட்டிக்கொண்டிருந்தவள் தானே ஊராகிப் போனதை அவள் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தாயம்மாள் தன் அண்ணன் பொன்னுச்சாமியோடு வந்தாள். சிவஞானமும் பின்னாலேயே வந்து, வாசலில் நின்றுகொண்டான். லேசர் வெளிச்சம் கண்ணைக் கெடுக்காமல் போடுகிற சிவப்புக் கண்ணாடி இரண்டுதான் இருந்தது. ஒன்றைத் தாயம்மாள் வாங்கி மாட்டிக்கொண்டாள், இன்னொன்றைப் பொன்னுச்சாமி. தெரு ஆட்கள் பாத்திரக் கடைப் படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். உலகம்மாள் நிச்சய சிடியைத் தட்டில் வைத்து, பெயரையும் தேதியையும் எல்லாரும் பார்க்க அடித்து, பொத்தானைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஊதாப் புள்ளி ஊர ஆரம்பித்தது. பூச்சு கருகுகிற வாடை வந்தது. சிவஞானம் விழுந்தது, உலகம்மாள் விழுந்தது, தேதி விழுந்தது. புள்ளி நின்றது. திரும்பிப் போய்விடு தாயே, இந்த ஒரு தடவை போய்விடு என்று சண்முகக்கனி சங்கரன்கோயில் கோமதியம்மனிடமும் மெஷினிடமும் சேர்த்தே வேண்டினாள். புள்ளி அரை விரல் கீழே இறங்கியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மோட்டார் இரண்டும் முன்னும் பின்னும் கிர்ரென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, மகளின் கல்யாணத்தை யாரோ ரம்பத்தால் அறுக்கிற மாதிரி.

சத்தம் நின்றதும் தாயம்மாள் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "சண்... முகக்... கனி."

படியில் நின்றவர்கள் கடை வாசல்வரை வந்துவிட்டார்கள்.

"எவன் அவன்?" என்றார் பொன்னுச்சாமி. "ஆம்பளப் பேருல்லா இது? எங்க ஊர்லயே ரெண்டு சண்முகக்கனி இருக்கான்."

சண்முகக்கனிக்கே ஒரு கணம் அது யாரோ என்றுதான் இருந்தது. ஊருக்கு அவள் ஸ்டுடியோக்காரம்மா, உறவுக்கு உலகு அம்மா. நிச்சயப் பத்திரிகையில்கூட 'காலஞ்சென்ற மாரித்துரை அவர்களின் மகள்' என்றுதான் அடித்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கடைசியாகக் கூப்பிட்டவர் ரேஷன் கடைக்காரர்.

"எங்கம்மா பேரு" என்றாள் உலகம்மாள்.

பொன்னுச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். சண்முகக்கனியை மேலும் கீழும் பார்த்தார். "பெத்தவ பேரே விழுந்திருக்குன்னா தோஷம் வீட்டுக்குள்ளயே இருக்குன்னுல்லா அர்த்தம். அதுலயும் தாலி இல்லாதவிய. தாயம்மா, ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணத்தன்னைக்கு இவிய மண்டபத்துப் பக்கம் வரக்கூடாது. சம்மதம்னா மேக்கொண்டு பேசுவோம்."

"மாமா" என்றான் வாசலில் நின்ற சிவஞானம். அவர் காதில் வாங்கவில்லை.

சண்முகக்கனிக்கு அவமானம் வரவில்லை, ஆறுதல்தான் வந்தது. நயினார் இல்லை, வேறு எவனும் இல்லை, தான்தானே, தன்னை எடுத்துப் போடுவது ஒரு பெரிய காரியமா. "நான் வரல" என்றாள். "தெருவுலகூட நிக்கமாட்டேன். இந்தப் பேரு உங்க ஊரு சனத்து கண்ணுல படவும் வேண்டாம், இப்பவே நானே சுரண்டிருதேன்." பதினாலு வீட்டுக்குச் சுரண்டாதே என்று அட்டை எழுதித் தொங்கவிட்டவள், மேசை டிராயரைத் திறந்து, வயர் சீவுகிற பிளேடை எடுத்தாள்.

உலகம்மாள் தடுக்கவில்லை. "சுரண்டு" என்றாள். பிறகு தாயம்மாள் பக்கம் திரும்பினாள். "அத்தை, அவ சுரண்டுததுக்கு முன்னால ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க. பொறவு பாக்கக் கெடைக்காது."

"போடு" என்றாள் தாயம்மாள் உடனே. "இவ எவனப் பாத்தான்னு எனக்கும் தெரியணும்."

கடை டிவியில் போட்டார்கள். தாயம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போல விரலை மடக்க ஆரம்பித்தாள். தான் இத்தனை, அண்ணன் இத்தனை, மகன் இத்தனை. திரையில் உலகம்மாள் சேலையை வாங்கினாள், வாங்கிக்கொண்டே நேராக நாற்காலியில் இருந்த தாயம்மாளைப் பார்த்தாள். படம் இடது பக்கம் நகர்ந்தது, பெண்ணின் கண்ணும் கூடவே நகர்ந்தது. கேமரா ஸ்டூல் மேல் ஏறியிருக்க வேண்டும், படம் உயர்ந்தது, கண்ணும் உயர்ந்தது. கொழுந்தனார் பெண்சாதி பூ வைத்தபோது, வைக்கிற கையைப் பார்க்காமல் அந்தக் கண் அதே இடத்துக்கு வந்து நின்றது, நீ வந்து வையேன் என்கிற மாதிரி. பிறகு படம் திடுமென்று சுழன்று, சுவரையும் மின்விசிறியையும் காது குடையும் நயினாரையும் காட்டிவிட்டுத் திரும்பியது. அப்போது பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சண்முகக்கனி பிளேடோடு நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் அந்தக் கண் தன்னைத்தான் பார்த்தது, தான்தான் திரும்பி வேறொருவனைத் தேடியிருக்கிறோம் என்பது தெரிந்தபோது அவளுக்கு அழுகையைவிட முதலில் வெட்கம் வந்தது. கொட்டிப் பார்த்த கைப்பை ஞாபகம் வந்தது. மகள் பக்கம் திரும்பவே அவளால் முடியவில்லை.

தாயம்மாள் கடைசிவரை எண்ணினாள். தான் நாற்பத்தொரு தடவை, அண்ணன் பத்தொன்பது, பந்தியில் இலை எடுத்தவர்கூட ஆறு. மடக்கிய விரல்களை விரித்து, மறுபடி மடக்கி, திரையைப் பார்த்தாள், பிளேடைப் பிடித்து நின்றவளைப் பார்த்தாள்.

"இவிய ஒரு தடவகூட வரலியே" என்றாள். "முந்தானைகூட வரல."

"அம்மாதான எடுத்தா" என்றாள் உலகம்மாள்.

"போவோம் தாயம்மா, சுரண்டிக் குடுக்கட்டும்" என்று பொன்னுச்சாமி எழுந்தார். தாயம்மாள் எழவில்லை. பிளேயரிலிருந்து சிடியை எடுத்துத் தரச்சொல்லி, வாங்கி, மூன்று பெயரையும் ஒரு தடவை படித்து, அழுந்தத் துடைக்காமல் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தேகம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பிறவிக் குணம் ஒரு வெள்ளிக்கிழமையில் போகுமா.

"மாசிலயே முகூர்த்தம் இருக்கு" என்றாள் அதே கறார்க் குரலில். "அன்னைக்குக் கேமரா யாரு பிடிப்பா?"

நான்தான் என்ற பதில் ஆறு வருஷப் பழக்கத்தில் சண்முகக்கனியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பிளேடை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"யாராவது பிடிக்கட்டும்" என்றாள். "நான் பூ வைக்கணும்."